நோட்டீஸில் கீழ் வரிசை

பெண் பார்க்கப் போகிற இடத்தில் முதல் கேள்வி எது? "பையன் எந்தக் கம்பெனியில இருக்கான்?" சாஃப்ட்வேர் கம்பெனி என்றால் காபியோடு முந்திரி பக்கோடாவும் வரும். சீட்டுக் கம்பெனி என்றால் பெண்ணின் மாமா மெதுவாக எழுந்து வாசலுக்குப் போய் யாருக்கோ போன் போடுவார்.

நூறு வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டில் ஒரு பையன் "கம்பெனியில இருக்கேன்" என்று சொன்னால் அநேகமாக ஒரே அர்த்தம்தான். நாடகக் கம்பெனி! காபி வராது. வந்த காபியும் திரும்பிப் போய்விடும். கூத்தாடிக்குப் பெண்ணும் கிடையாது, குடியிருக்க வீடும் கிடையாது என்பது அந்தக் காலத்து ஊர்ச் சட்டம்.

இந்த வாரம் அந்தக் கம்பெனிகளைப் பற்றித்தான். "எதுக்கு சார் இப்போ அந்தப் பழைய கதை?" என்று கேட்கிறீர்களா? காரணம் உங்கள் ஆபீஸ். ராத்திரி பத்தரை மணி வரை உட்கார்ந்து நீங்கள் போட்ட ஸ்டேட்மென்ட்டை மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் தன்னுடையது மாதிரியே வாசிக்கிறாரா, இல்லையா? எம்.டி. அவர் முதுகைத் தட்டுகிறாரா, இல்லையா? நீங்கள் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து க்ரீம் பிஸ்கட்டைப் பிரித்து க்ரீமை மட்டும் நக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த மாதிரி நேரத்தில் நினைத்து ஆறுதல் பட்டுக்கொள்ள நமக்கு முன்னால் ஒரு பெரிய கூட்டமே இருந்திருக்கிறது.

அந்தக் கூட்டத்தின் தலைவர் ஒரு குமாஸ்தா. நிஜமாகவே!

தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர் சங்கரதாஸ். முதல் உத்தியோகம், உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதுவது. என்னைப் போல பி.காம். படித்தவர்கள் இந்த இடத்தில் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம். இருபத்து நாலு வயதில் லெட்ஜரை மூடி வைத்துவிட்டு நாடகக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் கட்டியது ராஜா வேஷம் இல்லை. எமன், சனீஸ்வரன், இரணியன்! பார்த்தவர்கள் வீட்டுக்குப் போயும் தூங்கவில்லை என்கிற அளவுக்குப் பயங்கரமாகச் செய்வாராம். பிறகு வேஷம் கட்டுவதை விட்டுவிட்டார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. துறவி மாதிரி வாழ்ந்ததால் சங்கரதாஸ் சுவாமிகள் ஆனார்.

வேஷத்தை விட்டவர் என்ன செய்தார்? எழுதினார். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி என்று சுமார் ஐம்பது நாடகங்கள். நாடகம் என்றால் இன்றைக்கு நாம் சபாவில் பார்க்கிற மாதிரி, சோபாவில் உட்கார்ந்து மாமியாரும் மருமகளும் பேசுவது இல்லை. பாட்டு, பாட்டு, மேலும் பாட்டு. ராஜா கோபப்பட்டால் பாட்டு. ராணி அழுதால் பாட்டு. எமன் உயிரை எடுக்க வந்தாலும் அதற்கொரு பாட்டைப் பாடிவிட்டுத்தான் கயிற்றை வீசுவான். ஜனங்கள் "ஒன்ஸ் மோர்" என்று கத்தினால், செத்துப் போனவன் எழுந்து உட்கார்ந்து இன்னொரு தடவை பாடிவிட்டு மறுபடி சாக வேண்டும்.

மொத்தப் பாட்டையும் எழுதி, எந்த மெட்டு என்று சொல்லி, வசனம் எழுதி, பையன்களுக்கு மனப்பாடம் ஆகும் வரை சொல்லிக்கொடுப்பது ஒரே ஆள். அவருக்குப் பெயர் வாத்தியார். இன்றைக்கு ஒரு சினிமாவில் கதை, திரைக்கதை, வசனம், பாடல், இயக்கம் என்று தனித்தனியாக ஐந்து கார்டு போடுகிறார்களே, அந்த ஐந்தும் ஒரே வேட்டிக்குள் இருந்தது.

சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை, பாட்டு வசனம் எல்லாமாகச் சேர்த்து, ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர் டி.கே. சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை' என்ற புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். ஒரே ராத்திரி! நாம் ஒரு லீவ் லெட்டர் எழுத நாலு பேப்பர் கிழிக்கிறோம்.

பையன்கள் என்று சொன்னேன் இல்லையா, அது ஒரு தனிக் கதை. பெரியவர்களை வைத்துக் கம்பெனி நடத்துவது அப்போது பெரும்பாடு. ஒருவர் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார். இன்னொருவர் வருவார், நேராக நிற்கமாட்டார். மூன்றாமவர் எழுதிய வசனத்தை விட்டுவிட்டு, மேடையிலேயே எதிர்ப்பாட்டுப் பாடி எதிராளியை மடக்கப் பார்ப்பார். 'இவர்களோடு மாரடிப்பதை விடச் சின்னப் பிள்ளைகளைப் பழக்கிவிடலாம்' என்று பிறந்ததுதான் பாய்ஸ் கம்பெனி. சுவாமிகளும் 1918-ல் மதுரையில் ஒன்றை ஆரம்பித்தார். தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். அதைச் சொல்லக் கூடத் தெரியாத ஆறு வயதில் அதில் சேர்ந்தவர்தான் டி.கே. சண்முகம்.

பி.காம்.காரன் கண்ணால் இந்தக் கம்பெனியின் பாலன்ஸ் ஷீட்டைப் பார்த்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். சொத்துப் பக்கத்தில் என்ன இருக்கிறது? திரைச்சீலை, பெட்டி பெட்டியாக டிரஸ், ஜரிகைக் கிரீடம், அட்டைக் கத்தி. அப்புறம் முக்கியமான சொத்து, பையன்களின் தொண்டை.

மைக் இல்லாத காலம் சார். தரை டிக்கெட்டில் கடைசியாக உட்கார்ந்திருக்கிறவன் காதுக்கும் போய்ச் சேரவேண்டும். நாலு கட்டை, ஐந்து கட்டை சுருதியில் எட்டிப் பிடிக்கிற பிள்ளைதான் கம்பெனிக்கு வசூல். அவனுக்குத்தான் கதாநாயகன் வேஷம். சரி, பதிமூன்று பதினாலு வயதில் என்ன ஆகும்? உங்களுக்கு ஆனதுதான். ஒரு நாள் காலையில் வாயைத் திறந்தால் பாதி குரல் தகப்பனார் மாதிரியும் பாதி குரல் தகர டப்பா மாதிரியும் வரும். நாடகக்காரர்கள் அதற்கு 'மகரக்கட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். சுருதியைக் குறைத்துப் பாடினால் பின் வரிசைக்குக் கேட்காது. குறைக்காமல் பாடினால் முன் வரிசை சிரிக்கும்.

மெஷினுக்குத் தேய்மானம் போடுவோம், வருஷத்துக்குப் பத்து பர்சென்ட், பதினைந்து பர்சென்ட் என்று. இங்கே தேய்மானம் ஒரே ராத்திரியில் நூறு பர்சென்ட். நேற்று வரை ராஜபார்ட். இன்றைக்குக் கூட்டத்தில் ஈட்டி பிடித்து நிற்கிற சேவகன். பள்ளிக்கூடப் படிப்பும் கிடையாது, வேறு தொழிலும் தெரியாது. சாப்பாட்டுக்காவது வழி இருக்கட்டும் என்று பெற்றவர்கள் கொண்டுவந்து விட்ட பிள்ளைகள்தான் முக்கால்வாசி. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் அண்ணன் சக்ரபாணியோடு வந்து சேர்ந்த எம்.ஜி.ஆரும் அந்த ரகம்தான். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் பெண் வேஷம் கட்டிய சிவாஜியும் அந்த வழியில் வந்தவர்தான். ஜெயித்த இந்த இரண்டு பெயர்களை நாடே சொல்கிறது. அதே பாயில் பக்கத்தில் படுத்துத் தூங்கி, குரல் உடைந்து, ஊருக்குத் திரும்பிப் போன பையன்களின் பெயரை எழுத எந்த லெட்ஜரிலும் காலம் இல்லை.

வாத்தியாருக்கும் ஒரு மகரக்கட்டு வந்தது. கொடுமையானது. 1921-ல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சு நின்றுவிட்டது. ஊரிலுள்ள பையன்களுக்கெல்லாம் பாட்டும் வசனமும் கொடுத்தவருக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அப்படியும் கம்பெனியோடே ஊர் ஊராகப் போனார். 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் காலமானார். அவர் சமாதி அங்கே கருவடிக்குப்பத்தில் இருக்கிறது.

இனி மாணவர்கள் கதை. டி.கே. சண்முகம் தனியாள் இல்லை. சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்று அண்ணன் தம்பி நாலு பேர். அப்பா கண்ணுசாமிப் பிள்ளையும் நாடக நடிகர்தான். நாலு பேரும் சேர்ந்து 1925-ல் திருவனந்தபுரத்தில் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார்கள். ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா. அப்போது சண்முகத்துக்கு வயது பதின்மூன்று. கடைக்குட்டி பகவதிக்குப் பத்து வயது கூட நிரம்பவில்லை. எந்த பாங்க் மேனேஜராவது இந்த டைரக்டர் போர்டுக்கு ஓவர் டிராஃப்ட் கொடுப்பாரா, சொல்லுங்கள்!

ஆனால் கம்பெனி நின்றது. கால் நூற்றாண்டுக் காலம் ஊர் ஊராகக் கொட்டகை போட்டது. அதற்கப்புறமும் டி.கே.எஸ். நாடக சபா என்ற பெயரில் நடந்தது. எப்படி? என் கணக்கில் முக்கியமான காரணம், வேலையைப் பிரித்துக் கொண்டதுதான். பெரிய அண்ணன் சங்கரன் நிர்வாகம். வசூல், செலவு, சாப்பாடு, அடுத்த ஊர் எது என்பதெல்லாம் அவர் தலையில். முத்துசாமி எழுத்தும் இசையும். சண்முகமும் பகவதியும் மேடைக்கு முன்னால். நாலு பேரும் ராஜா வேஷம்தான் கட்டுவேன் என்று நின்றிருந்தால் முதல் ஊரிலேயே கிரீடத்தை அடகு வைத்திருப்பார்கள்.

வெளியிலிருந்தும் தயங்காமல் ஆள் எடுத்தார்கள். நாகர்கோவில்காரர் என்.எஸ். கிருஷ்ணன் இந்தக் கம்பெனியில்தான் தன் காமெடியைத் தானே தயார் செய்யப் பழகினார். எம்.கே. ராதாவின் அப்பா கந்தசாமி முதலியார் வந்து, ராஜா ராணியோடு நிற்காமல் நாவல்களையும் மேடைக்குக் கொண்டுவரலாம் என்று வழி காட்டினார். வடுவூர் துரைசாமி அய்யங்காரின் 'மேனகா' அப்படி நாடகமாகி, 1935-ல் இதே குழு நடித்துச் சினிமாவாகவும் வந்தது.

முத்துசாமி ஒரு வங்காளக் கதையைத் தழுவி 'குமாஸ்தாவின் பெண்' என்று ஒரு நாடகம் எழுதினார். ராஜா இல்லை, அசுரன் இல்லை. பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைக்கக் கையில் காசில்லாமல் தவிக்கிற ஒரு குமாஸ்தாவின் குடும்பம். வருஷக் கணக்கில் கிரீடத்தைப் பார்த்துக் கை தட்டிய ஜனங்கள் தங்கள் வீட்டுக் கூடத்தையே மேடையில் பார்த்தார்கள். 1941-ல் அதுவும் சினிமா ஆயிற்று.

இப்போது ஒரு கேள்வி. சண்முகத்தை உங்களுக்குத் தெரியும். ஔவையாராக வேஷம் கட்டி 'அவ்வை' சண்முகம் ஆனார். சென்னையில் லாயிட்ஸ் ரோடுக்கு அவர் பெயர்தான். சின்ன வயதில் அவர் சபாவில் நடித்த கமல்ஹாசன், 1996-ல் மாமி வேஷம் போட்டபோது 'அவ்வை சண்முகி' என்று குருவின் பெயரைத்தான் வைத்துக்கொண்டார். ஸ்கூட்டரில் போகிறவன் கூட நாளைக்கு நாலு தடவை "அவ்வை சண்முகம் சாலை" என்று சொல்கிறான். சந்தோஷம். ஆனால் எழுதி, மெட்டுப் போட்டுக் கொடுத்த முத்துசாமி? நிர்வாகத்தைப் பார்த்த சங்கரன்? இரண்டு பேரும் க்ரீம் பிஸ்கட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

இது ஒரு கம்பெனியோடு நிற்கவில்லை. அந்தக் காலத்தில் மேடையில் சக்கரவர்த்தி யார் என்றால் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. சுவாமிகளிடம் பாடம் படித்தவர்தான். ஐந்து கட்டைக்கு மேல் அனாயாசமாக நிற்கிற குரல். கே.பி. சுந்தரம்பாளும் அவரும் சேர்ந்து பாடினால் கொட்டகை கொள்ளாது. 1933-ல் இருபத்தேழு வயதில் போய்விட்டார். அவர் பெயர் தெரியும். அந்தக் குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசித்தது யார்? அவருடைய அண்ணன் காசி அய்யர். தம்பி எங்கே ஏறுவான், எங்கே மூச்சு விடுவான் என்று தெரிந்து கட்டையை அழுத்தியவர்.

ஆர்மோனியக்காரரின் வேலை என்ன தெரியுமா? சுருதி கொடுப்பது மட்டும் இல்லை. நடிகர் வசனத்தை மறந்து விழித்தால், ஒரு பிருகாவை இழுத்து அவருக்கு யோசிக்க நேரம் வாங்கித் தருவது. தொண்டை கட்டிக்கொண்டால் பின்பாட்டுப் பாடித் தூக்கிப் பிடிப்பது. அடுத்த ஆள் இன்னும் மீசை ஒட்டி முடிக்கவில்லை என்றால் மேடையைக் காலியாக விடாமல் வாசித்துக்கொண்டே இருப்பது. அந்தப் பெட்டிக்கு நடந்த மரியாதையையும் கேளுங்கள். 1940-லிருந்து 1971 வரை ஆல் இந்தியா ரேடியோவில் ஆர்மோனியத்துக்குத் தடை! நம் சங்கீதத்துக்கு ஒத்துவராத அன்னிய வாத்தியம் என்று தீர்ப்பு. கொட்டகைக்கு அந்தத் தீர்ப்பின் நகல் வந்து சேரவில்லை போலிருக்கிறது. அங்கே அது தினமும் ராத்திரி டியூட்டிக்கு வந்துகொண்டே இருந்தது.

பாட்டுக்காரர்களுக்குப் பின்னால் தொங்குகிற திரையையும் மறந்துவிடக் கூடாது. அரண்மனை, நந்தவனம், கைலாயம் எல்லாம் துணியில் எழுதியதுதான். அப்படி ஒரு மதுரை நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக்கொண்டிருந்தவர் கொண்டையராஜு. 1940-களின் ஆரம்பத்தில் கம்பெனி கோவில்பட்டியில் வந்து கலைந்துபோனது. சம்பளம் இல்லை, அடுத்த ஊர் இல்லை. அவர் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு ஊருக்குப் போகவில்லை. சிஷ்யர்களோடு கோவில்பட்டியிலேயே தங்கி, சாமி படம் எழுத ஆரம்பித்தார். பக்கத்திலேயே சிவகாசி அச்சாபீஸ்கள். அப்புறம் என்ன, தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் அவர் காலண்டர். உங்கள் பாட்டி வீட்டுப் பூஜை அறையில் இருக்கிற மீனாட்சி கல்யாணத்தைப் போய்ப் பாருங்கள். தூண், வளைவு, பின்னால் விரித்த திரை மாதிரி ஆகாயம்... நாடக மேடை! சாமியே கால்ஷீட் கொடுத்து வந்து நிற்கிற மாதிரி இருக்கும். கம்பெனி திவாலானாலும் அதன் சீன் மட்டும் நம் வீட்டுக்குள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

"எல்லாம் சரி, அதெல்லாம் முடிஞ்சு போன கதைதானே?" என்பீர்கள். முடியவில்லை. மதுரை, புதுக்கோட்டை பக்கத்துக் கிராமங்களில் திருவிழா சீசனில் ராத்திரி பத்து மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். அதே சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' விடிய விடிய நடக்கும். ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். அதில் ஒரு வேடிக்கை, அங்கே கம்பெனியே கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர். தனித்தனியாக புக் செய்கிறார்கள். ரிகர்சல் கிடையாது. முருகனும் வள்ளியும் அன்றைக்குச் சாயங்காலம் மேக்கப் போடுகிற இடத்தில்தான் "சௌக்கியமா?" என்று கேட்டுக்கொள்வார்கள். அப்புறம் மேடையில் ஏறி ஐந்தாறு மணி நேரம் தர்க்கம் செய்து, பாடி, சிரிக்க வைத்து, விடிகிற நேரத்தில் கல்யாணம் செய்துகொண்டு, காலை பஸ்ஸில் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள்.

ரிகர்சல் இல்லாமல் இது எப்படி நடக்கிறது? ஒன்று, நூறு வருஷத்துக்கு முன்னால் உப்பு கம்பெனிக் கணக்கர் போட்டுக்கொடுத்த கட்டுக்கோப்பு. எல்லாருக்கும் அது மனப்பாடம். இரண்டு, மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட். முருகன் எந்தப் பாட்டை எடுப்பார் என்று அவருக்கே முடிவாகாத அரை செகண்டில் ஆர்மோனியக்காரரின் விரல் அங்கே போய் நிற்கும். ராத்திரி முழுக்க எழுந்திருக்காமல் இருப்பதும் அவர்கள்தான். நடிகருக்காவது சீன் இல்லாதபோது டீ குடிக்கலாம். இவர்களுக்கு எல்லா சீனும் சொந்த சீன்.

ஊரில் ஒட்டுகிற நாடக நோட்டீஸை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். பெரிய போட்டோ ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும். அப்புறம் பபூனும் டான்ஸும். வாத்தியக்காரர்கள் பெரும்பாலும் கீழ் வரிசையில், சின்னச் சின்னக் கட்டத்துக்குள், பசை கொஞ்சம் அதிகமானால் முகம் சுருங்கிப் போகிற இடத்தில் இருப்பார்கள். நாடகம் நடுவில் அன்பளிப்புக் கொடுக்கிறவர்கள் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். ஐம்பது ரூபாய் கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் வரும். ஐம்பது ரூபாய் பெரும்பாலும் முருகனுக்கும் வள்ளிக்கும் பபூனுக்கும்தான் போகும்.

அடுத்த பங்குனியில் உங்கள் ஊர்ப் பக்கம் போனால் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஐம்பது ரூபாயை மடித்து, "ஆர்மோனியக்காரருக்கு" என்று சொல்லிக் கொடுங்கள். மைக்கில் உங்கள் பெயரை வாசிக்கும்போதே அவர் பெயரையும் சேர்த்து வாசித்தாக வேண்டும். ஊரே ஒரு தடவை மேடை ஓரத்தைத் திரும்பிப் பார்க்கும். அவர் நிமிர்ந்து பார்ப்பாரோ என்னவோ, பார்க்க நேரம் இருக்காது. வள்ளி அடுத்த பாட்டை எடுத்திருப்பாள்.